அப்பாவின் 48,000 படங்களைத் தேடி எடுக்கக்கூடிய ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி (காங்கயத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா 2003 முதல் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து வருகிறார். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின்போது கூடும் மாடு, குதிரைச் சந்தை, இடையிடையே உறவினர் வீட்டுச் சீர்கள், தோட்டத்து வேலைகள் என்று சேர்ந்தவை இன்று ஏறத்தாழ 48,000 படங்கள். இவற்றுடன் அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்து ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்த 600 படங்களும் உள்ளன. எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளிலும் ஒரு பழைய கைப்பேசியிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே படம் மூன்று இடங்களில் இருக்கிறது.

சென்ற மாதம் என் அத்தை, எங்கள் கொங்குப் பகுதியில் பெண்களுக்குச் செய்யும் எழுதிங்கள் சீர் என்ற சடங்கின்போது எடுத்த தம்முடைய படம் ஒன்றைக் கேட்டார். அதைக் கண்டெடுக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. முன்பு ஒரு மென்பொருளில் பெயர்களையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்திருந்தேன். அது கைவிடப்பட்டபோது நான் எழுதியவையும் அதனுடன் போய்விட்டன. மறுபடியும் அப்படி நேராமல் இருக்க எங்கிருந்து தொடங்குவது? அப்பாவுக்கு இப்போது 71 வயது. எந்தப் படத்தில் இருப்பது யாருடைய காளை என்பதை இன்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மறுமொழி 1 (கோபிசெட்டிபாளையத்திலிருந்து)

எங்கள் வீட்டில் இதே வேலையை முடிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. நீங்கள் இழந்ததற்குக் காரணம், பெயர்கள் படத்துக்குள் எழுதப்படாமல் அந்த மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருந்ததுதான். ஜேபெக் கோப்பிலேயே தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி வைக்க இடம் உண்டு. அப்படி எழுதுவதால் படத்தின் தரம் சிறிதும் குறையாது. டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில், குறிச்சொற்களைக் கோப்பிலும் எழுதுமாறு சொல்லும் தெரிவு அமைப்புகள் பகுதியில் இருக்கிறது. முதல் படத்தைத் தொடும் முன்பே அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூகுள் ஃபோட்டோஸில் நாம் எழுதும் விளக்கமும் படக்கோப்புக்குள் போவதில்லை; மொத்தமாகப் பதிவிறக்கும்போது அது தனிக் கோப்பாகவே வந்து சேரும்.

எல்லாவற்றையும் முதலில் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அப்படியே நகலெடுத்து, அதைத் தொடாமல் எடுத்து வையுங்கள். இரட்டைகளை நீக்குவதற்கு அவசரப்பட வேண்டாம். ஒன்றுபோல் தோன்றும் இரண்டில் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய நகலாக இருக்கலாம். எடுத்த நேரம் அதில் அழிந்திருக்கும், கோப்புப் பெயரில் உள்ள தேதியும் படம் எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. அளவில் பெரியதாகவும் எடுத்த நேரம் உள்ளதாகவும் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது தேதி. பழைய கேமராக்களில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். கண்ணபுரம் சந்தைப் படத்தில் சனவரி என்று இருந்தால் அது பிழை என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தொகுப்பில் ஏதேனும் ஒரு படத்தின் உண்மையான நாளும் நேரமும் தெரிந்தால் போதும். எத்தனை நாள் வேறுபடுகிறதோ அதே அளவு எல்லாப் படங்களையும் ஒருசேர நகர்த்த டிஜிகேமிலும், எக்சிஃப்டூல் என்ற மற்றோர் இலவச மென்பொருளிலும் வழி உண்டு. ஸ்கேன் செய்தவை ஸ்கேன் செய்த நாளையே காட்டும் என்பதால், அவற்றுக்குத் தெரிந்த ஆண்டை இட்டு, ‘தோராய ஆண்டு’ என்று ஒரு குறிச்சொல்லும் சேர்த்துவிடுங்கள்.

கோப்புறைகளுக்கு ‘2011-05-02 கண்ணபுரம்’ என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

மறுமொழி 2 (ஈரோட்டிலிருந்து)

மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன். தமிழில் குறிச்சொல் இடும்போது வரும் ஒரு சிக்கலை மட்டும் சேர்க்கிறேன். ஓரிடத்தில் ‘காங்கயம்’ என்றும் மற்றோரிடத்தில் ‘காங்கேயம்’ என்றும் எழுதினால் தேடலில் பாதிப் படங்கள் வாரா. எழுத்து ஒன்றாகவே தோன்றினாலும் சிக்கல் உண்டு: ‘கொடுமுடி’யில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்க முடியும். சில மென்பொருள்கள் அவற்றை வெவ்வேறு சொற்களாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே குறிச்சொல்லை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமல், ஒருமுறை உருவாக்கிய பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.

மாடுகளுக்கு மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்துக் குறிச்சொல் இடும்போதும் கவனம் தேவை. காங்கயம் கன்று பிறக்கும்போது சிவந்திருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். கன்றுப் படத்தைச் ‘செவலை’ என்று குறித்துவிட்டால் பின்னாளில் அதே மாட்டை ஒன்றுசேர்க்க முடியாது. ‘கன்று’ என்பதைத் தனிக் குறிச்சொல்லாக வையுங்கள்.

மறுமொழி 3 (பொள்ளாச்சியிலிருந்து)

தம்பி, உறவு முறையைக் குறிச்சொல்லாக வைக்காதீர்கள். உங்களுக்கு அப்பிச்சியாக (அம்மாவின் அப்பாவாக) இருப்பவர் உங்கள் மாமன் பிள்ளைகளுக்கு அப்பாரு; நாளை உங்கள் மகள் தேடும்போது அந்தச் சொல்லுக்கு வேறொருவர் வந்து நிற்பார். பெயரையே எழுதுங்கள். நம் பக்கம் அப்பாருவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கமாக இருப்பதால் ஊரையோ தோட்டத்தின் பெயரையோ சேர்த்து எழுதினால்தான் யார் என்று விளங்கும். முகங்களை மென்பொருளே பிரித்துத் தரும் வசதி உதவும் என்றாலும், ஐந்து வயதிலும் அறுபது வயதிலும் ஒருவரே என்று அது பல நேரங்களில் அறிவதில்லை.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இரட்டைகளை நீக்கி, தேதிகளைச் சரிசெய்த பிறகு அப்பாவிடம் கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் அம்மாவிடம் அப்படிக் காத்திருந்து, 200 படங்களில் இருப்பவர்கள் யார் என்பதை நாங்கள் இழந்தோம். ஸ்கேன் செய்த 600 படங்களிலிருந்து இன்றே தொடங்குங்கள். அவர் பேசும்போது கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொண்டு, கோப்பின் எண்ணை மட்டும் நீங்கள் இடையிடையே சொல்லி வந்தால் போதும். எழுதுவதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கி, நகலெடுக்கும் வேலை இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சி அக்கா சொன்னபடி நேற்று மாலை அப்பாவுடன் அமர்ந்தேன்; ஒன்றரை மணி நேரத்தில் 34 படங்கள் முடிந்தன. அவற்றில் ஒன்றில் மயிலைக் காளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞர் யாரென்று இத்தனை ஆண்டுகளாக எங்களில் எவருக்கும் தெரியாது. எங்கள் அப்பாருவின் தம்பி என்று அப்பா உடனே சொல்லிவிட்டார். நாளை மாலை 35-ஆம் படத்திலிருந்து தொடர்கிறோம்.