கிம்ப்: தூரிகைகள் பெருகிவிட்டன, நான் செய்த கோலத் தூரிகையோ வண்ணத்தை ஏற்கவில்லை

கோலப்பொடி (ரோஸ் ஹில், மொரிசியஸ்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கோவிலின் தைப்பூசக் காவடி அறிவிப்புத் தாளை மூன்று ஆண்டுகளாக நானே கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளின் 2.10 பதிப்பில் வடிவமைத்து வருகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தூரிகைத் தொகுப்புகளையெல்லாம் ஆசைப்பட்டு இறக்கி, தூரிகைக் கோப்புறையில் கொட்டிவிட்டேன். இப்போது எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. மென்பொருள் திறக்கும்போது தொடக்கப் படம் தூரிகைகளை ஏற்றும் இடத்திலேயே நெடுநேரம் நின்றுவிடுகிறது. திறந்த பிறகு எனக்கு வேண்டிய மயிற்பீலித் தூரிகையைத் தேடிப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல், நானே செய்த தூரிகையைப் பற்றியது. என் அத்தை காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்து தந்த சிறு கோலம் ஒன்றை ஸ்கேன் செய்து, கிம்ப்பின் தூரிகைக் கோப்பு வடிவமான ஜிபிஆர் கோப்பாக ஏற்றுமதி செய்து, தூரிகைக் கோப்புறையில் வைத்தேன். தூரிகை பட்டியலில் வந்துவிட்டது. ஆனால் முன்புற வண்ணமாகச் சிவப்பைத் தேர்ந்தாலும் மஞ்சளைத் தேர்ந்தாலும் கோலம் கறுப்பாகவே விழுகிறது. அத்துடன் கோலத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்றும் சேர்ந்து விழுந்து, பின்னணியை மறைத்துவிடுகிறது.

கோலத் தூரிகையைத் தேர்ந்துவிட்டு அழிப்பானுக்குப் போனால் அழிப்பானும் கோல வடிவத்திலேயே அழிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை கண்டபோது சிரிப்பு வந்தது. இருபதாவது முறை வரவில்லை.

பழைய அச்சுக்காரன் (போர்ட் லூயிஸ், மொரிசியஸ்) மறுமொழி:

வணக்கம் அம்மா. உங்கள் கோலத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

நம் தீவில் பலர் இம்மென்பொருளைப் பிரெஞ்சு மொழியில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் கருவிப்பெட்டியில் இருப்பது 'பேன்சோ', பட்டியலில் இருப்பவை 'ப்ரோஸ்'. தமிழில் இரண்டையும் நாம் தூரிகை என்றே சொல்லிவிடுவதால் ஒரு வேறுபாடு மறைந்துபோகிறது. 'பேன்சோ' என்பது கையில் பிடிக்கும் கருவி. 'ப்ரோஸ்' என்பது அந்தக் கருவியின் நுனியில் மாட்டும் முத்திரைக்கட்டை. நீங்கள் கோடு இழுக்கும்போது மென்பொருள் உண்மையில் கோடு இழுப்பதில்லை. அந்த முத்திரையை அடுத்தடுத்து, மிக நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகிறது. அச்சகத்தில் மரக்கட்டையால் துணிக்குக் கரை போட்டவர்களுக்கு இது உடனே விளங்கும்.

முத்திரைக்கட்டைகளில் இரண்டு சாதி உண்டு. சாம்பல் நிற அளவீட்டில், ஒளிபுகு தடம் (ஆல்ஃபா சேனல்) இல்லாமல் சேமிக்கப்பட்ட படம் அச்சுக்கட்டை போன்றது: கறுப்பு இருக்கும் இடத்தில் உங்கள் முன்புற வண்ணம் முழுமையாக விழும், வெள்ளை இருக்கும் இடத்தில் ஒன்றும் விழாது, நடுவிலுள்ள சாம்பல் அதனதன் அடர்த்திக்கேற்ப விழும். வண்ணப் படமாகச் சேமிக்கப்பட்டதோ ஒட்டுப்படம் போன்றது: தன் வண்ணத்தையே கொண்டுவந்து ஒட்டும், நீங்கள் தேர்ந்த வண்ணத்தைப் பொருட்படுத்தாது. உங்கள் ஸ்கேன் கறுப்பு வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் கோப்பு வண்ணப் படமாகவே இருந்திருக்கிறது. ஆகவே காகிதத்தின் வெள்ளையும் ஒரு வண்ணமாக ஒட்டப்பட்டுவிட்டது.

திருத்துவதற்கு, ஆங்கில மெனுப் பெயர்களில் சொல்வதானால், 'இமேஜ்' மெனுவில் 'மோட்' என்பதற்குள் 'கிரேஸ்கேல்' என மாற்றுங்கள். பிறகு 'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்பரன்சி' என்பதற்குள் 'ரிமூவ் ஆல்ஃபா சேனல்' அழுத்துங்கள். அது மங்கலாக, அழுத்த முடியாதபடி இருந்தால் ஏற்கெனவே நீங்கியிருக்கிறது என்று பொருள். அதன்பின் மீண்டும் ஜிபிஆராக ஏற்றுமதி செய்து, தூரிகைப் பெட்டியின் அடியிலுள்ள புதுப்பிப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். மென்பொருளை மூடித் திறக்கத் தேவையில்லை. மயிற்பீலியை மட்டும் இப்படி மாற்றிவிடாதீர்கள். அதன் நீலமும் பச்சையும் அதனுடனேயே வர வேண்டும் என்பதால் அது ஒளிபுகு பின்னணியுடன் வண்ணத் தூரிகையாகவே இருக்கட்டும்.

அழிப்பானுக்கு மருந்து சிறியது. 'எடிட்' மெனுவின் 'பிரிஃபரன்சஸ்' சாளரத்தில் 'டூல் ஆப்ஷன்ஸ்' பக்கத்திற்குச் சென்று, கருவிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பொருள்களின் பட்டியலில் 'பிரஷ்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கருவியும் தன் தூரிகையைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும்.

எழுநூறு தூரிகைகளைப் பற்றி என் கருத்து கடுமையானது: அவற்றைக் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். இந்தக் காவடித் தாளுக்கு எவை தேவையோ அவற்றை மட்டும் உள்ளே விடுங்கள்.

உம்லாசிக்கரை (சாட்ஸ்வொர்த், டர்பன்) மறுமொழி:

ஐயா சொன்ன கோல மருத்துவத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவது தேவையற்ற தண்டனை என்று நினைக்கிறேன். தூரிகைக் கோப்புறைக்குள் 'மலர்', 'புகை', 'கோவில்' எனத் துணைக் கோப்புறைகள் அமைத்து அவற்றில் பிரித்து வைத்தால், அந்தக் கோப்புறைப் பெயர்களையே மென்பொருள் அடையாளச் சொற்களாக எடுத்துக்கொள்கிறது. தூரிகைப் பெட்டியின் மேலே உள்ள கட்டத்தில் 'மலர்' என்று தட்டினால் மலர்த் தூரிகைகள் மட்டுமே மிஞ்சும். தனித் தூரிகைக்குக் கூடுதல் அடையாளம் வேண்டுமென்றால் பெட்டியின் கீழ்க்கட்டத்தில் எழுதிச் சேர்க்கலாம். ஒரே தூரிகைக்குப் பல அடையாளங்கள் இருக்கலாம். மயிற்பீலியை 'முருகன்' என்ற சொல்லாலும் 'இறகு' என்ற சொல்லாலும் கண்டுபிடிக்கலாம்.

இறக்கியவற்றில் போட்டோஷாப்பின் ஏபிஆர் கோப்புகள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கிம்ப் அவற்றைத் திறக்கும். ஆனால் முத்திரை வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அழுத்தத்திற்கேற்ப அளவு மாறுதல், சிதறல் போன்று அங்கே அமைத்திருந்தவை இங்கே வந்து சேர்வதில்லை. விளம்பரப் படத்தில் கண்டபடி வரவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். அத்தகையவற்றில் பாதியை நீங்களே விரும்பி நீக்கிவிடுவீர்கள்.

கோலப்பொடி மறுமொழி:

இருவருக்கும் மிக்க நன்றி. கோலம் இப்போது நான் தேர்ந்த வண்ணத்தில் விழுகிறது. வெள்ளைச் சதுரமும் போய்விட்டது. ஆனால் தாளின் ஓரத்தில் கரை போடுவதற்காகச் சுட்டியை அழுத்தியபடி இழுத்தால், கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புவதோடு, அவற்றின் பின்னால் மங்கலான பட்டை ஒன்றும் படர்கிறது. ஒரே ஒரு முறை சொடுக்கினால் அந்தப் பட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. இது எங்கிருந்து வருகிறது?

பழைய அச்சுக்காரன் மறுமொழி:

காகிதத்திலிருந்து வருகிறது அம்மா. ஸ்கேனரின் கண்ணுக்குக் காகிதம் முழு வெள்ளையாக இருப்பதில்லை. முழு வெள்ளை 255 என்றால் உங்கள் காகிதம் 240 அளவில் இருக்கக்கூடும். அந்த 15 குறைவு ஏறத்தாழ 6 விழுக்காட்டு மையாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு முறை குத்தினால் அது தெரியாது. ஆனால் தூரிகையின் இடைவெளி 10 என்று இருந்தால், முத்திரை தன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தவுடன் மீண்டும் குத்துகிறது. அதாவது ஒரே இடத்தின்மீது பத்து முறை விழுகிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சிய வெண்மையில் 6 விழுக்காடு மறைந்துகொண்டே போனால் பத்தாவது முறையில் அவ்விடத்தின் அடர்த்தி ஏறத்தாழ 45 விழுக்காட்டை எட்டிவிடும். நீங்கள் கண்ட பட்டை அதுதான்.

மூலப் படத்தைத் திறந்து 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' எடுங்கள். மேற்பகுதியிலுள்ள வரைபடத்தின் வலக்கோடியில் ஒரு குன்று தெரியும், அதுவே காகிதம். வெள்ளை முக்கோணத்தை அந்தக் குன்றின் இடப்புற அடிவாரத்திற்கு நகர்த்திவிட்டால் காகிதம் முழு வெள்ளையாகிவிடும். 'த்ரெஷோல்டு' கொண்டு ஒரேயடியாகக் கறுப்பு வெள்ளை ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோட்டின் விளிம்பு படிக்கட்டுப்போல ஆகி, கைவரைவின் நெளிவு செத்துப்போகும்.

படம் கைக்கு வந்திருக்கும்போதே அதைப் பெரிதாக, 800 பிக்சல் அளவிலாவது வைத்துச் சேமியுங்கள். பெரிய முத்திரையைச் சுருக்கினால் பழுதில்லை. சிறியதைப் பெரிதாக்கினால் மங்கிப்போகும். கரைக்காகத் தூரிகைப் பெட்டியின் அடியிலுள்ள இடைவெளியை 100 ஆக்குங்கள்; ஒரு கோலம் முடிந்த இடத்தில் அடுத்த கோலம் தொடங்கும்.

டர்பன் அன்பரின் அடையாளச் சொல் முறை தேடுவதற்கு நன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணைக் கோப்புறையில் இருந்தாலும் திறக்கும்போது அத்தனையும் ஏற்றப்படத்தானே செய்கின்றன? இவருடைய முதல் முறையீடே காத்திருப்பைப் பற்றியதுதான்.

தென்னங்கீற்று (சென்ட் ஆந்த்ரே, ரீயூனியன்) மறுமொழி:

எழுதத் தயக்கமாக இருந்தது. என் தமிழ் கோவில் வகுப்பில் பெரியவனான பிறகு கற்றது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரிகையின் அளவைச் சதுர அடைப்புக்குறி விசைகளால் கூட்டிக் குறைக்கலாம் என்று எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. எங்களிடம் இருப்பவை பிரெஞ்சு விசைப்பலகைகள். அவற்றில் அக்குறிகளை இட 'ஆல்ட் ஜிஆர்' விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். இடக்கையால் வரைபலகையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்வது பெரும்பாடு. மொரிசியஸிலும் இத்தகைய விசைப்பலகை வைத்திருப்பவர்கள் 'எடிட்' மெனுவின் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' சாளரத்தில், தூரிகை அளவைக் கூட்டும் குறைக்கும் செயல்களைத் தேடி, கைக்கு எட்டும் வேறு இரு விசைகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை: 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டு எழுதுகோலைப் பக்கவாட்டில் இழுத்தாலே அளவு மாறும்.

இன்னொன்று. அறிவிப்புத் தாளின் அடியில் கரும்புத் தோட்டம் வரைய ஆசைப்பட்டேன். ஒரே பூங்கதிரை முத்திரையாகக் குத்தினால் படை அணிவகுப்புப்போல் இருந்தது. எனவே நான்கு கதிர்களை வெவ்வேறு சாய்வில் வரைந்து, ஒரே அளவுள்ள நான்கு அடுக்குகளில் வைத்து, பல படங்களை ஒரே தூரிகையாக்கும் ஜிஐஹெச் வடிவத்தில் ஏற்றுமதி செய்தேன். ஏற்றுமதிச் சாளரத்தில் துண்டுகளின் எண்ணிக்கை 4, தரவரிசை 4, தேர்வு முறை 'ரேண்டம்'. இழுக்க இழுக்க நான்கும் கலந்து விழுகின்றன. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கரும்பு பூத்த வயல் எப்படி அசையுமோ, ஏறக்குறைய அப்படி வந்தது.

உம்லாசிக்கரை மறுமொழி:

அச்சுக்கார ஐயா, காத்திருப்பு பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் 'பிரிஃபரன்சஸ்' சாளரத்தின் 'ஃபோல்டர்ஸ்' பகுதியில் தூரிகைகளுக்கென இரண்டாவது கோப்புறையைச் சேர்க்கலாம் அல்லவா? கிடங்கை அதில் வைத்துவிட்டு, தேவைப்படும் நாளில் மட்டும் அந்தக் கோப்புறையைப் பட்டியலில் சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

அம்மா, மிஞ்சுகிற தூரிகைகளைக் 'டூல் பிரிசெட்' ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள். தூரிகை, அளவு, ஒளிபுகாமை, இடைவெளி எல்லாம் ஒரே சொடுக்கில் திரும்ப வரும். சேமித்த முன்புற வண்ணத்தையும் திரும்பக் கொண்டுவரும் குறி போட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பழைய வண்ணம் தலைகாட்டும்.

கோலப்பொடி மறுமொழி:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். உள்ளே இப்போது பதினான்கு தூரிகைகள் இருக்கின்றன. மற்றவை இரண்டாவது கோப்புறையில். மென்பொருள் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேநீர் போடப் போகும் அளவுக்கு நேரம் கிடைப்பதில்லை. லெவல்ஸ் செய்த பிறகு பட்டை அறவே போய்விட்டது. கரும்பையும் முயன்றேன், மூன்று கதிர்களோடு.

புள்ளிக்கோலத்திற்கு வட்டத் தூரிகையை 20 பிக்சலில் வைத்து, இடைவெளியை 300 ஆக்கினேன். முதல் புள்ளியைச் சொடுக்கிவிட்டு, 'ஷிப்ட்', 'கன்ட்ரோல்' இரண்டையும் அழுத்தியபடி மறுமுனையில் சொடுக்கினால் நேர்வரிசையாகப் புள்ளிகள் விழுகின்றன. அச்சிட்ட மாதிரித் தாளை அத்தையிடம் காட்டினேன். அவர் வண்ணத்தையோ மயிற்பீலியையோ பார்க்காமல், விரலால் புள்ளிகளை எண்ணி, மூன்றாவது வரிசையில் ஏழுக்கு ஆறுதான் இருக்கிறது என்றார். திரும்ப வந்து அளந்தேன். 20 பிக்சலுக்கு 300 விழுக்காடு என்றால் புள்ளிக்குப் புள்ளி 60 பிக்சல். ஏழு புள்ளிகளுக்கு 360 வேண்டும். நான் அந்த வரிசையை 355 இல் முடித்திருக்கிறேன். இனி வழிகாட்டிக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, அவற்றைச் சற்றுத் தாண்டியே சொடுக்குகிறேன்.