சீரியலில் ஆள் திடீரென்று போய்விட்டால்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கல்மண்டபம்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா போனைக் கையில் பிடித்தபடி வந்து, "குணசேகரன் போய்ட்டாராம்டி" என்றார். குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து என்று சொல்லவில்லை. அன்று எங்கள் தெருவில் யாருமே அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எதிர்நீச்சல் சீரியலுக்கு டப்பிங் பேசப் போன மனிதர். பேசிக்கொண்டிருக்கும்போதே உடம்பு முடியாமல் போய், ஆஸ்பத்திரிக்குப் போயும் பிழைக்கவில்லை.

எங்கள் ஆயாவுக்கு அந்தக் குணசேகரனைக் கண்டாலே ஆகாது. ராத்திரி ஒன்பதரைக்கு அவர் "இந்தாம்மா ஏய்" என்று மருமகள்களை அதட்ட ஆரம்பித்தால், ஆயா பாயில் உட்கார்ந்தபடியே பதிலுக்குத் திட்டுவாள். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திட்டுவாள். அன்றைக்குச் செய்தியைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், மதியம் வரை ஒரு வாய் சாப்பிடவில்லை. "என் வாயாலதான் போய்ட்டானோ" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் கதையைப் பார்த்தோம். கதையில் குணசேகரன் சாகவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார் என்று கொண்டுபோனார்கள். சில வாரங்கள் கழித்து எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அதே குணசேகரனாக வந்தார். அவர் நல்ல நடிகர், மீசையும் குரலும் அந்த வீட்டுக்குப் பொருந்தத்தான் செய்தன. ஆனால் ஆயா டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணுங்க யாருக்காவது தெரியுதா பாரு, ஆளு மாறினது? ஒருத்தி கண்ணுலயும் தண்ணி இல்ல" என்றாள்.

எங்கள் நைனா ஷேர் ஆட்டோ ஓட்டியவர். 2019ல் இதே மாதிரிதான், காலையில் வண்டி எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அதனால்தான் எனக்கு இது மனதைவிட்டுப் போகவில்லை. நிஜத்தில் ஒருவர் போய்விட்டால் கதை அவருக்கு என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீடுகளில் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை

அக்கா, எங்கள் வீட்டில் முல்லை. பாண்டியன் ஸ்டோர்ஸ் சீரியலில் முல்லையாக நடித்த சித்ரா. 2020 டிசம்பர் 9 அன்று இறந்துபோனார். கொரோனா ஓயாத நேரம், அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் எல்லோரும் அடைந்து கிடந்தோம். ராத்திரி முல்லையும் கதிரும் வரும் அந்த அரை மணி நேரம்தான் அம்மா சிரிப்பார்.

கொஞ்ச நாளிலேயே காவ்யா அறிவுமணி முல்லையாக வந்துவிட்டார். அம்மா முதல் நாள் டிவியை அணைத்துவிட்டார். இரண்டாம் நாள் போட்டார். அப்புறம் வழக்கம்போலப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். ஜனவரியில் ஒரு நாள், புது முல்லை ஏதோ பேச, அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த கையோடு அழ ஆரம்பித்தார். "பழகிடுச்சே, எனக்கே பழகிடுச்சே" என்று அழுதார். சித்ரா இறந்த அன்றுகூட அம்மா அப்படி அழவில்லை.

புதிதாக வந்த பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊரே திட்டக் காத்திருக்கும் இடத்தில் வந்து நின்றார்.

சவுகார்பேட்டை

எங்கள் அம்மா மின்ட் தெருவுக்குப் பின்னால் ஒரு சேட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். 2001 வாக்கில் நடந்தது இது. ஒரு காலை அம்மா போனபோது அந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கூடத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அடுப்பு பற்றவில்லை. யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து அம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். செத்தது மிஹிர். ஸ்டார் ப்ளஸில் ஓடிய க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி தொடரின் நாயகன்.

அங்கே நடிகர் அமர் உபாத்யாய் நன்றாகத்தான் இருந்தார், கதையில்தான் கொன்றார்கள். பார்ப்பவர்கள் விடவில்லை. நாடு முழுக்க அழுகையும் கோபமுமாகப் போனதால் மிஹிரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்: நினைவு தப்பிப் போனார், ஒரு டாக்டரம்மா காப்பாற்றினார் என்று. பிறகு அமர் உபாத்யாய் விலக, இந்தர் குமார் வந்தார், ரோனித் ராய் வந்தார். ஒரே மிஹிருக்கு மூன்று முகம்.

எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், கதைக்காகக் கொன்று, கதைக்காக எழுப்பி, சாவு என்பதையே நம்ப முடியாத ஒன்றாக்கிவிட்டார்கள். மாரிமுத்து செய்தி வந்தபோது எங்கள் அம்மா என்னிடம் முதலில் கேட்டது: "கதையிலயா, நெசத்துலயா?"

வியாசர்பாடி

நான் சாலிகிராமத்தில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். சீரியல் பக்கம் நான்கு வருடம் இருந்தேன். நாங்கள் அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தினசரித் தொடரில் கையிருப்பு எபிசோட் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு எடுத்தது அடுத்த வாரம் ஓடும், சில நேரம் நாளன்றைக்கே ஓடும். அதனால் ஒருவர் போய்விட்டால் துக்கத்துக்கு முன்னால் வருவது கணக்குதான். அவர் நடித்து முடித்தது எவ்வளவு, பாதியில் நிற்கும் ட்ராக் எது, வசனம் பேசாமல் கிடப்பது எது. யாராவது ஒருவர் அன்றைக்கே உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் போட வேண்டும்.

நான் இருந்த ஒரு தொடரில் பாட்டியாக நடித்த அம்மா ராத்திரி தூக்கத்தில் போய்விட்டார். பெரிய பெயர் இல்லை, செய்தியில்கூட வரவில்லை. மறுநாள் எனக்கு வந்த உத்தரவு, "பாட்டி ஊருக்குப் போயிருக்காங்கன்னு மருமகளை ஒரு வரி பேச வெச்சிடலாம், இருக்கிற ஷாட்ட வெச்சு ரெண்டு எபிசோட் ஓட்டிடு." தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டில் வேறு ஒருவர் முதுகைக் காட்டினோம். பழைய எபிசோடில் அவர் தலையாட்டியதை எடுத்துப் புதுக் கேள்விக்குப் பதிலாக ஒட்டினேன். போனில் பேசுவது போல ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தார்கள்.

ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் அந்த அம்மா கேமராப் பக்கம் திரும்பி, "ரெடியாப்பா?" என்று கேட்பார். அதை எப்போதும் வெட்டித் தூக்கிப் போடுவோம், கதைக்கு ஆகாது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஹெட்போனில் ஒவ்வொரு டேக்காகப் போகப் போக, "ரெடியாப்பா?", "ரெடியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் துண்டுகளை மட்டும் தனியாகச் சேர்த்து என் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை, அழிக்கவும் இல்லை.

அமெரிக்காவில் தி சோப்ரானோஸ் தொடரில் தாயாக நடித்த நான்சி மார்ச்சண்ட் 2000ல் இறந்தபோது, பழைய காட்சிகளிலிருந்து அவர் முகத்தை எடுத்து வேறொருவர் உடம்பில் கணினியால் ஒட்டி ஒரு கடைசிக் காட்சி செய்தார்கள். மகன் தாயோடு பேசும் காட்சி. பணம் நிறையச் செலவானது, ஆனாலும் ஒட்டு தெரிகிறது. அதே எபிசோடில் அந்தத் தாயும் இறக்கிறார், வீட்டில் சாவு நடக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஒட்டு வேலை செய்தாலும் கடைசியில் சாவைச் சாவு என்று சொன்னார்கள். எங்கள் பாட்டி கடைசிவரை ஊரிலிருந்து திரும்பவே இல்லை.

புளியந்தோப்பு

தம்பி சொன்னதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் அண்ணன் மரண கானா பாடுபவர். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட வேண்டும். எடுத்தவுடன் பாடிவிட முடியாது. போனதும் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, வீட்டு ஆளிடம் கேட்பார்: பெயர் என்ன, செல்லமாக என்ன கூப்பிடுவார்கள், எங்கே வேலை, யாருக்குக் கடன் கொடுத்தார், யார் கல்யாணத்துக்கு முன்னால் நின்றார், எந்தக் கட்சி, எந்த டீக்கடை. ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். அப்புறம் பாடும்போது அந்த டீக்கடை பாட்டில் வரும்போதுதான் கூட்டம் உடைந்து அழும். செத்தவர் ரவுடியாக இருந்தாலும் சரி, குடிகாரராக இருந்தாலும் சரி, அன்று ராத்திரி அவர் கதை முழுதாகச் சொல்லப்படும்.

கல்மண்டபம் அக்கா, உங்கள் ஆயா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். குணசேகரன் கெட்டவன்தான். ஒன்றரை வருடம் தினம் வீட்டுக்கு வந்த கெட்டவன். அவனைப் பற்றி அந்த வீட்டுப் பெண்கள் நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு நாள் பேசியிருந்தால் போதும். திட்டியே பேசட்டும்.

கொருக்குப்பேட்டை

நான் அங்கன்வாடி டீச்சர். ஒரு பயிற்சியில் எங்களுக்கு ஒரு பழைய அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியைக் காட்டினார்கள், செசமி ஸ்ட்ரீட். அதில் கடைக்காரர் திரு. ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். வேறு ஆளைப் போடலாம், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாம். பார்ப்பது மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். அவர்கள் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்து, கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுத்துக்கொண்டு, 1983 நவம்பர் 24 அன்று அந்த எபிசோடைக் காட்டினார்கள்.

பிக் பேர்ட் என்று ஒரு பெரிய மஞ்சள் பறவை. அது எல்லோருக்கும் படம் வரைந்து கொண்டுவருகிறது. ஒரு படம் மிச்சம், திரு. ஹூப்பருக்கு. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று பெரியவர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள். சரி, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அப்போது நேராகச் சொல்கிறார்கள். தூங்குகிறார், சாமியிடம் போனார் என்று எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கும் கதை கட்டவில்லை, அது அப்படித்தான் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் பறவை அந்தப் படத்தைத் தன் கூட்டுக்கு மேலே மாட்டிக்கொள்கிறது.

அதைப் பார்த்த இரண்டாவது மாதம் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா இறந்தார். பத்து நாள் கழித்து வந்த பிள்ளை, "எங்கப்பா துபாய் போயிருக்காரு மிஸ்" என்றது. வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சீரியலில் கேட்ட அதே வரி. நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து ரொம்ப நேரம் பேசினேன்.

எர்ணாவூர்

எல்லாம் சரிதான், ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். நான் லைட்மேனாக வேலை பார்த்தவன். ஒரு தொடர் நின்றால் எங்கள் பேட்டாவும், அதாவது தினப்படியும், அன்றோடு நின்றுவிடும். மேக்கப், சமையல், வண்டி, லைட் என்று எத்தனை வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. முக்கியமான பாத்திரத்தைச் சாகடித்தால் கதையே முடிந்துவிடும் என்றால் யார் சாகடிப்பார்கள்? "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு சிலைடு போடுவதைக் கேலி செய்கிறார்கள். அது பல பேருக்குச் சோறு போட்ட சிலைடு. எதிர்நீச்சல் 2024 ஜூன் வரை ஓடியது, அந்த வருடக் கடைசியிலேயே அடுத்த பாகமும் வந்தது. அதுவும் நல்லதுதானே?

கல்மண்டபம்

அண்ணா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன், முதலில் எழுத மனம் வரவில்லை.

நைனா போன ஆறாம் நாளே அவர் ஓட்டிய ஷேர் ஆட்டோ ரோட்டுக்கு வந்துவிட்டது. வண்டி ஓனருடையது, அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தவணை இருக்கிறது. வேறு ஒரு பையன் ஓட்டினான். ஆயா ஸ்டாப்பில் நின்றிருந்தாள். தூரத்தில் அந்த வண்டியைப் பார்த்ததும் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டாள். வண்டி நின்றது. உள்ளே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கி, ஏறாமல் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கே போவதானாலும் நடந்தே போனாள்.

குணசேகரன் மாறி வந்த அன்று அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது எனக்கு அந்த ஸ்டாப்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பையனே வண்டியை எங்கள் சந்து முனையில் நிறுத்தி இறங்கி வந்தான். "ஆயா, அண்ணன் வண்டி இது. நான் சும்மா ஓட்டுறேன்" என்றான். கண்ணாடிக்கு மேலே நைனா ஒட்டியிருந்த பெரியபாளையத்தம்மன் படத்தை அவன் எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நைனாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டி, காய்ந்த பூ ஒரு துண்டு சொருகியிருந்தான்.

ஆயா அன்று அந்த வண்டியில் ஏறினாள். முன்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். டோல்கேட் வரை போய்விட்டு, அதே வண்டியில் திரும்பி வந்தாள். டோல்கேட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அவன் காசு வாங்கவில்லை.