காரைக்குடிப் பக்கம் சனி, ஞாயிறு: சாப்பிடப்போன இடத்தில் மறக்க முடியாத அனுபவம் உண்டா?

திருச்சிவாசி:
சனிக்கிழமை மாலை, கொப்புடையம்மன் கோயிலை ஒட்டிய தெரு. பெயர்ப்பலகை இல்லாத ஒரு திண்ணைக் கடையில் ஓர் ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். வாணலியின் நடுவில் ஒரு கரண்டி மாவு. அடியில் போனது மேலே எழும்பி, ஓரம் சுருள்கிறது. திருப்பிப் போட்டு, சிவக்கும் முன்பே எடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அடுத்தது. கூட்டமோ தெருவரை நிற்கிறது. "இரண்டிரண்டாக ஊற்றலாமே ஆச்சி" என்றார் வரிசையில் ஒருவர். ஆச்சி நிமிரவே இல்லை. "ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது பணியாரமா? அவசரமென்றால் எதிர்க்கடையில் பஜ்ஜி போடுகிறார்கள்." கேட்டவர் நகரவில்லை, நின்று வாங்கிக்கொண்டுதான் போனார். வரமிளகாய்ச் சட்னியோடு நான் தின்றதை எப்படிச் சொல்வது! பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து, அவ்வளவுதான் மாவு. திருச்சியில் எத்தனையோ கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த வெண்மை வரவில்லை.

கோவைக்காரர்:
உங்களுக்கு வாய்த்தது நல்லது. எனக்கு ஞாயிறு மதியம், ஒரு மெஸ். பெயர் வேண்டாம். செட்டிநாட்டுக் கோழி கேட்டேன். வந்த குழம்பின் சிவப்பு, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல் நுனியில் நின்றது. காரம் நாக்கை எரித்தது. செட்டிநாட்டு மசாலாவில் சேர்க்கும் கல்பாசியின் வாசனை மருந்துக்கும் இல்லை. பரிமாறியவரிடம் கேட்டேன். "வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் சார்" என்றார். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. எங்கள் ஊரில் கிடைப்பதைத் தின்னவா அவ்வளவு தூரம் போனேன்?

பள்ளத்தூர் மருமகள்:
கோவைக்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்பாசி இல்லாவிட்டால் செட்டிநாட்டுச் சமையலே இல்லை என்பது வெளியூர் ஓட்டல்கள் கிளப்பிவிட்ட பேச்சு. எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்புக்குக் கல்பாசி சேர்ப்பதில்லை. அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டிக்கும் இல்லை. இவையெல்லாம் எந்த நாட்டுச் சமையல்?

வருகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். மெஸ்ஸுக்குப் போவதானால் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்; நேரமானால் நண்டும் சுறாப்புட்டும் தீர்ந்துவிடும். பணியாரம், மசாலா சீயம், கந்தரப்பமெல்லாம் மாலைப் பலகாரம், காலையில் தேடாதீர்கள். தேவகோட்டை ரோட்டில் உள்ள 'பங்களா' என்ற ஓட்டலில் இலைபோட்டுச் சாப்பிட ஆசையென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கானாடுகாத்தானில் செட்டியார்களின் பெரிய வீடுகளையும் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடத்தையும் பார்க்கப் போகிற அன்று சாப்பிட ஏதாவது கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்; காரைக்குடி போல அங்கே தெருவுக்குத் தெரு கடை கிடையாது. ஊருக்குத் திரும்பும்போது சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் வாங்குவீர்கள். எடை போடும் முன் ஒன்றை ஒடித்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

என் அனுபவம்? கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கடையில் கும்மாயம் கேட்டேன், உளுந்து மாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறுகிற இனிப்பு. கடைக்கார அண்ணன் நெய் பத்தாது என்று சொல்லி, வீட்டிலிருந்து வாங்கிவரச் செய்து, இன்னொரு முறை கிளறித்தான் கொடுத்தார்.

மதுரைத் தம்பி:
எனக்குக் கவுனி அரிசிதான். செட்டிமார்கள் பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில் அங்கிருந்து வந்த கறுப்பரிசி. இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தார்கள். தேங்காய், சர்க்கரை, நெய். இவ்வளவு மெத்தென்று எப்படி வெந்தது என்று கேட்டதும், சமையல்காரப் பெரியவர் உள்ளே போய் ஒரு பிடி வேகாத கவுனி அரிசியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். கல்லாக இருந்தது. "முதல் நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும் தம்பி, ஊறின தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும்" என்றார். அவர் நகங்களிலெல்லாம் ஊதா நிறம்.

பள்ளத்தூர் அக்கா, கல்பாசி பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். கோழியில் சாயம் எதற்கு? கோவைக்காரர் முதலில் சொன்னது அதைத்தானே, அதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லையே.