ஜிப்லாக் கவரில் போட்டும் தீக்குச்சி நமுத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

மழைப்பயணி:
வணக்கம் நண்பர்களே. கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது எடுத்துப்போகும் பையில், அவசரத்துக்கென்று ஒரு தீப்பெட்டி எப்போதும் கிடக்கும். சாதாரண தீப்பெட்டிதான். பெட்டியோடு ஜிப்லாக் கவரில் போட்டு மூடியிருந்தேன். தண்ணீரில் விழவில்லை, கவரும் கிழியவில்லை. மழைக்காலம் முடிந்து எடுத்து உரசினால் ஒன்றும் உருப்படியாகப் பற்றவில்லை. மருந்து பிசுபிசுவென்று பட்டையில் அப்பிக்கொள்கிறது. சிலவற்றில் ஒரு பொறி வந்து, புகைந்து, அணைந்துவிடுகிறது. மூடிய கவருக்குள் ஈரம் எப்படிப் போனது? இந்தக் குச்சிகளைத் தேற்ற முடியுமா? லைட்டர் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டாம். தீப்பெட்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ள வழி தெரிந்தால் போதும்.

சும்மா_வந்தவன்:
அரிசி டப்பாவுக்குள்ள ரெண்டு நாள் புதைச்சு வைங்க தலைவரே, சரியாயிடும்.

கரிக்கட்டை:
அரிசி ஈரத்தை இழுக்கும்தான், ஆனால் ரொம்ப மெதுவாக. அதைவிட, முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். ஒரு புதுப் பெட்டி எடுத்து, பழைய குச்சியைப் புதுப் பட்டையில் உரசுங்கள். அப்புறம் புதுக் குச்சியைப் பழைய பட்டையில் உரசுங்கள். எல்லாரும் குச்சியைத்தான் திட்டுவார்கள், ஆனால் பல நேரம் முதலில் சாவது பட்டை.

காரணம் இதுதான். சேஃப்டி தீப்பெட்டியில் பற்றவைக்கும் மருந்து இரண்டு இடத்தில் பிரிந்து இருக்கிறது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம் போன்றவை பசையில் குழைத்து ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கும். பாஸ்பரஸைத் தலையிலிருந்து எடுத்துப் பட்டைக்கு மாற்றிய இந்த ஏற்பாட்டுக்கு ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை வாங்கினார். உரசும் சூட்டில் பட்டையிலுள்ள பாஸ்பரஸ் துளியளவு பற்றுகிறது. அந்தச் சூட்டில் குளோரேட் ஆக்சிஜனை விட, தலை குப்பென்று பிடிக்கிறது.

இப்போது ஈரக்காற்றைச் சேர்த்துப் பாருங்கள். சிவப்பு பாஸ்பரஸ் ஈரக்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் தன் பங்குக்கு மேலும் ஈரத்தை இழுக்கும். பட்டை ஒட்டுகிற மாதிரி ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். காயவைத்தாலும் அந்தப் பட்டை பழையபடி ஆகாது.

குச்சியின் கதை வேறு. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பசை இளகியிருந்தால் மட்டும், காயவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். தண்ணீரில் ஊறியிருந்தால் தேறாது. குளோரேட் தண்ணீரில் கரையக்கூடியது (20 டிகிரியில் 100 மில்லிக்கு சுமார் 7 கிராம்). தலை வெளிறி, நகத்தால் தொட்டாலே உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

கவரைப் பற்றிக் கேட்டீர்கள். ஈரமான நாளில் மூடினால் அந்த ஈரக்காற்றும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அட்டையும் மரக்குச்சியும் ஏற்கெனவே ஈரம் வைத்திருக்கும். ஜிப்பின் மூலையில் காற்று கசியும், பாலித்தீனே நீராவியை மெல்ல மெல்ல உள்ளே விடும். ஒரு நாள் மழைக்கு கவர் போதும், ஒரு பருவத்துக்குப் போதாது.

மழைப்பயணி:
அருமையான விளக்கம் அண்ணே. சோதித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். புதுக் குச்சி பழைய பட்டையில் பற்றவே இல்லை. பழைய குச்சி புதுப் பட்டையில் முக்கி முனகிப் பற்றுகிறது. குச்சியை எப்படிக் காயவைப்பது? அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா? தலையில் மெழுகு பூசலாம் என்கிறார்களே, அது உண்டா?

கரிக்கட்டை:
அடுப்பு, மைக்ரோவேவ் எதுவும் வேண்டாம், அது விளையாட்டு இல்லை. ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு சில நாள் வையுங்கள். அதுவே போதும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாக இருந்தால், அது ஈரம் குடித்து முடித்ததும் பார்த்தே தெரியும்.

கூடாரக்காரி:
மெழுகுக்கு நான் பதில் சொல்கிறேன். பூசலாம், ஆனால் குச்சி நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டும். நமுத்த குச்சிக்குப் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த மாதிரி. மெழுகை நேரடியாக நெருப்பில் உருக்காதீர்கள், அதன் ஆவி தீப்பிடிக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணம் வைத்து உருக்குங்கள். தலையும் அதற்குக் கீழே கொஞ்சம் குச்சியும் நனையும்படி முக்கிச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். உரசுவதற்கு முன் நுனியிலுள்ள மெழுகை நகத்தால் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மெழுகு பட்டையில் படிந்து அடுத்த குச்சியையும் வழுக்கிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எனக்கு நெயில் பாலிஷ்தான் பிடிக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, சுரண்டும் வேலையும் இல்லை. பூசும்போதும் காயும்போதும் பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, கரைப்பான் சட்டென்று பிடிக்கும். எதைப் பூசினாலும் பட்டைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதைத் தனியாகத்தான் காப்பாற்ற வேண்டும்.

சும்மா_வந்தவன்:
எதுல வேணும்னாலும் உரசிப் பத்தவைக்கிற குச்சி இருக்கே, அதை வாங்கினா பட்டைத் தொல்லையே இல்லையே?

கூடாரக்காரி:
உண்மைதான், அதில் பாஸ்பரஸ் சல்பைடு தலையிலேயே இருக்கிறது. அதனாலேயே தலையோடு தலை உரசாமல் அடுக்க வேண்டும். விமானத்தில் அதற்கு அறவே அனுமதி கிடையாது. எனக்கு அந்த நிம்மதிக்குறைவு வேண்டாம்.

கரிக்கட்டை:
டப்பா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருகு மூடியும் அதற்குள் ரப்பர் வளையமும் உள்ள சின்னக் குப்பி எடுங்கள். குச்சியின் நீளத்துக்கு உயரம் இருந்தால் போதும். வறண்ட நாளில் புதுப் பெட்டியைப் பிரித்து, குச்சிகளை உள்ளே போடுங்கள். நிறைந்து ஆடாமல் இருப்பது நல்லது. இரண்டு பட்டைகளை வெட்டி, தனித்தனிச் சின்னக் கவரில் போட்டு, உரசும் முகம் தலைகளின் பக்கம் திரும்பாதபடி செருகுங்கள். ஒரு சிலிக்கா ஜெல் பை. மூடியபின் குப்பியைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் மூடி சரியில்லை. வேறு குப்பி தேடுங்கள்.

அப்புறம், தேவைப்படும் நேரத்தில் கையைத் துடைத்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும். வாஸ்லின் தடவிய பஞ்சு உருண்டை, மெல்லிய சுள்ளி எல்லாம் தயாரான பிறகே உரசுங்கள். சும்மா வெறும் குச்சியைக் கொளுத்திக்கொண்டு சுள்ளி தேடக் கூடாது. அந்தப் பஞ்சு சில நிமிடம் நின்று எரியும், குச்சியோ சில நொடிதான்.

மழைப்பயணி:
குப்பி கிடைத்துவிட்டது, குமிழிச் சோதனையிலும் தேறிவிட்டது. பஞ்சை அதே குப்பிக்குள் போடலாமா?

கரிக்கட்டை:
வேண்டாம். வாஸ்லின் பட்டையில் பட்டால் மெழுகு பட்ட கதைதான். தனிக் குப்பி. பழைய குச்சிகளில் தேறாததைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள்.