கம்பெனி இன்சூரன்ஸில் யாரைச் சேர்ப்பது: என் அப்பா அம்மாவா, மாமனார் மாமியாரா?

நொய்யல்கரை (அக்டோபர் 2025)
வணக்கம். குடியிருப்பு திருப்பூர், வேலை கோவையில் ஒரு ஐடி கம்பெனி. கம்பெனி ஊழியர்களுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் (குரூப் பாலிசி) மனைவி, குழந்தை போகப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சேர்க்கலாம். ஒன்று என் பெற்றோர், இல்லை மாமனார் மாமியார். அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என்று கலந்து போட முடியாது. ஒருமுறை கொடுத்தால் பிறகு மாற்ற விடமாட்டோம் என்கிறது ஹெச்ஆர். 5 லட்சம் கவர், பில்லில் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும். பிரீமியம் 28 ஆயிரம், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 66, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடிக்கிறார்கள். அம்மாவும் அதில் உண்டு. மாமனார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், 63. மாமியாருக்குச் சர்க்கரை, இப்போது சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறுகிறது. இருவருக்கும் இதுவரை என் மனைவியின் ஈஎஸ்ஐதான் (தொழிலாளர் அரசு காப்பீடு). ஜூலையில் அவள் சம்பளம் அதன் வரம்பான மாதம் 21,000-ஐத் தாண்டியது, செப்டம்பரோடு பிடித்தம் நின்றுவிட்டது. வெளியே விசாரித்ததில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி மாமியாருக்குத் தரவே மாட்டோம் என்றது. இன்னொன்று இருவருக்கும் சேர்த்து 60 ஆயிரத்துக்கு மேல் கேட்டது, அதிலும் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் 3 வருடம் காத்திருந்தால்தான் பணம் தருவார்கள்.

மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம் என்று வீட்டில் சொன்னேன். அப்பா அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாதக் கடைசிக்குள் ஃபாரம் கொடுக்க வேண்டும்.

கொங்குநாட்டான்
தம்பி, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஓய்வூதியர் திட்டம் 4 வருடத்துக்குச் சேர்த்து 5 லட்சம். ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு நாளைக்கு பைபாஸ் என்றால் எங்கே போவாய்? என் பெரியப்பாவும் ரிட்டயர்டு வாத்தியார்தான். பில் 3 லட்சத்துச் சொச்சம் வந்தது, அனுமதித்தது பாதிகூட இல்லை. மீதிக்கு நகைதான் அடகுக்குப் போனது. உன் மாமனாருக்குப் பையன் இருக்கிறான் இல்லையா? அவன் பார்க்கட்டும்.

வெள்ளகோவில் மகள்
"அவன் பார்க்கட்டும்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. இத்தனை நாள் அந்த இரண்டு பேருக்கும் வைத்தியம் பார்த்தது மகளின் ஈஎஸ்ஐ. அவள் சம்பளம் ஏறியதுதான் அவர்களுக்கு வினையாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா?

உங்கள் பெரியப்பாவுக்குப் பாதியாவது வந்தது. இவர்களுக்கு ஒரு பைசாகூட இல்லை. அரைக் குடை இருப்பவரையும் குடையே இல்லாதவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை
கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஈஎஸ்ஐ விஷயம். பிடித்தம் நின்ற அன்றே வைத்தியமும் நின்றது என்று பல ஆபீஸ்களில் தவறாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதுதான் இந்த ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் வருகிறது. ஆக, உங்கள் மனைவி அந்தந்த ஆறு மாதத்திலும் 78 நாளாவது சம்பளம் வாங்கியிருந்தால் 2026 ஜூன் 30 வரை அவருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, வரி. மாமனார் மாமியாருக்கு நீங்கள் கட்டும் பிரீமியத்துக்கு 80டி கழிவு (மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிக் கழிவு) உங்களுக்குக் கிடைக்காது. பெற்ற அப்பா அம்மாவுக்குத்தான். அதையே உங்கள் மனைவி தன் கணக்கிலிருந்து தனிப் பாலிசியாகக் கட்டினால் அவர் கேட்கலாம், பெற்றோர் 60 தாண்டியவர்கள் என்றால் 50 ஆயிரம் வரை. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். அந்தச் சம்பளத்தில் அவருக்கு வரியே வராது என்பது வேறு கதை!

மூன்றாவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பார்த்தீர்களா? குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் 5 லட்சம். டயாலிசிஸும் அதில் வரும்.

நொய்யல்கரை
மாமனார் மாமியார் மச்சான் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள், ஒரே ரேஷன் கார்டு. மச்சான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கார்டில் எல்லோர் வருமானமும் சேர்ந்தால் 1.2 லட்சத்தைத் தாண்டும்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் வீடுதான் தமிழ்நாட்டில் ஏழை வீடு. பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் வந்தால் அந்தத் திட்டம் இல்லை, 21,000-க்கு மேல் ஒரு ரூபாய் வந்தால் ஈஎஸ்ஐ இல்லை. மத்திய அரசு வருமானம் பார்க்காமல் தருவது 70 வயது ஆனவர்களுக்குத்தான். மாமனாருக்கு 63. இடையில் விழுந்தவர்கள் கடன் வாங்கத்தான் வேண்டும்.

கொங்குநாட்டான்
கார்டைப் பிரித்துவிட்டால் முடிந்தது. பெரியவர்கள் தனிக் கார்டு, வருமானச் சான்று, திட்டத்தில் சேர்ந்துவிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் குரூப் பாலிசியில் உன் அப்பா அம்மாவைப் போடு. இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

வெள்ளகோவில் மகள்
ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு இரண்டு கார்டா? உங்கள் வீட்டு மரியாதையைக் காப்பாற்ற அவர்கள் போய் வருவாய் ஆய்வாளரிடம் பொய் சொல்ல வேண்டுமா? உண்மையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்றால் சரி, அது அவர்கள் உரிமை.

கொங்குநாட்டான்
பொய் என்று ஏன் பெரிய வார்த்தை? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. பங்கு வாங்கும்போது மகள், பெற்றவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் மருமகனா?

வெள்ளகோவில் மகள்
கட்டிங் மாஸ்டருக்கு ஏது அண்ணா பூர்வீகச் சொத்து? சட்டம் பேசினால் முழுதாகப் பேசுவோம். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகனும் மகளும். மருமகன் அதில் இல்லை, நீங்கள் சொன்னது அந்த மட்டுக்குச் சரி. அதனால் 28 ஆயிரத்தை அவளே தன் சம்பளத்திலிருந்து கணவருக்குக் கொடுக்கட்டும், அப்போது யாருக்கும் பேச்சில்லை. ஆனால் அந்த இடம் அவர் கம்பெனியில்தான் இருக்கிறது. அவள் ஆபீஸில் குரூப் பாலிசியே கிடையாது. இங்கே கேள்வி மரியாதை பற்றியது இல்லை. யாருக்கு வெளியே பாலிசி கிடைக்காதோ அவருக்கு அந்த இடம். மாமியாருக்கு ஒரு கம்பெனி கதவையே சாத்திவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரிலீவிங் லெட்டர்
சகோ, நீங்கள் எல்லோரும் அந்த இடத்தைப் பட்டா நிலம் மாதிரி நினைத்துச் சண்டை போடுகிறீர்கள். ஐடியில் வேலை என்கிறார். குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடியும். என்னை வேலையிலிருந்து அனுப்பிய மறு மாதம் என் அப்பாவுக்கு ஆஞ்சியோ. மொத்தமும் கையிலிருந்து. அதனால் நான் வெள்ளகோவில் அக்கா சொல்வதற்கு நேர் எதிர்: யாருக்கு நோய் அதிகமோ அவருக்குத்தான் இன்றைக்கே சொந்தப் பாலிசி போட வேண்டும். 3 வருடக் காத்திருப்பு இன்று தொடங்கினால் 2028-ல் முடியும். குரூப்பை நம்பி உட்கார்ந்து, 2028-ல் வேலை போனால் மறுபடி முதலிலிருந்து 3 வருடம்.

கணக்குப்பிள்ளை
கொள்கை சரி, பணம்? 28 ஆயிரமும் 60 ஆயிரமும் சேர்ந்தால் 88. குழந்தை பள்ளிக் கட்டணம், வீட்டு லோன் எல்லாம் இருக்கும் வீடு. கிரியாட்டினின் ஏறுகிறவர் 3 வருடத்துக்குள்ளேயே டயாலிசிஸுக்கு வந்துவிட்டால்? வாரம் மூன்று தடவை, தடவைக்கு 2,000 என்று வைத்தாலும் மாதம் 25 ஆயிரம். அந்த 3 வருடத்தைத் தாண்ட வைப்பது குரூப் பாலிசிதான், ஏனென்றால் பெரும்பாலான குரூப்பில் காத்திருப்பு கிடையாது. வேலையை விட்டால் அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறக் கேட்கவும் வழி இருக்கிறது.

ரிலீவிங் லெட்டர்
கேட்க வழி இருக்கிறது, தருவார்கள் என்று யார் சொன்னது? வயது, நோய் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு வந்த பதில் ஒரு வரி மெயில்.

சரி, பணம் இல்லை என்றால் குறைந்தது மாமனாருக்கு மட்டுமாவது இப்போதே தனியாகப் போடுங்கள். அவருக்குப் பெரிய நோய் இல்லை என்றுதானே தெரிகிறது? செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் படுத்தால் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் சார்ஜ் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

கொங்குநாட்டான்
எல்லோரும் மாமனார் வீட்டுக்கே வழி சொல்கிறீர்கள். அந்த வாத்தியாருக்கு என்ன வழி?

கணக்குப்பிள்ளை
நியாயமான கேள்வி. ஓய்வூதியர் திட்டம் 2022 ஜூலையில் தொடங்கிய 4 வருடம், 2026 ஜூனோடு முடியும் திட்டம். ஸ்டென்ட் வைத்தது இந்த 4 வருடத்துக்குள் என்றால் 5 லட்சத்தில் எவ்வளவு மீதி என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் 5 லட்சத்துக்குப் பிறகு தொடங்கும் சூப்பர் டாப்-அப் ஒன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும். முதல் 5 லட்சத்தை வேறு யாரோ கட்டுவதால் பிரீமியம் குறைவு. இதயத்துக்குக் காத்திருப்பு உண்டு, அதை மறைக்க முடியாது. முன்பு 65 தாண்டியவர்களைப் பல கம்பெனிகள் புதிதாகச் சேர்ப்பதில்லை, 2024 ஏப்ரலிலிருந்து அந்த வயது வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. இதற்கு 80டி உங்களுக்கே கிடைக்கும்.

நொய்யல்கரை
எல்லோருக்கும் நன்றி. மீதித் தொகை விசாரித்தேன். ஸ்டென்ட் வைத்தது 2021-ல், அதனால் இந்த 5 லட்சத்தில் கைவைக்கவில்லை. குரூப்பில் மாமனார் மாமியார், பிரீமியத்தை மாதாமாதம் மனைவி எனக்கு அனுப்பிவிடுவாள். அப்பா அம்மாவுக்கு டாப்-அப் விசாரிக்கிறேன். மாமனாருக்குத் தனிப் பாலிசி போனஸ் வந்ததும்.

கொங்குநாட்டான்
எனக்கு இன்னும் சம்மதமில்லை. உன் வீடு, உன் முடிவு. ஒன்று மட்டும் கேட்கிறேன், அப்பாவிடம் உட்கார்ந்து பேசினாயா, இல்லை ஹெச்ஆர் மெயிலைக் காட்டினாயா? வாத்தியார் கோபம் பாலிசியில் இருக்காது, தன்னைக் கேட்கவில்லை என்பதில் இருக்கும்.

நொய்யல்கரை
அம்மா வழியாகச் சொல்லியிருக்கிறேன்.

கொங்குநாட்டான்
அதுதான்.

ரிலீவிங் லெட்டர்
சகோ, போனஸ் வரட்டும் என்று தள்ளாதே, ஒவ்வொரு மாதமும் காத்திருப்பு அந்தப் பக்கம் நீள்கிறது. மாமனார் ஃபாரத்தில் எதையும் மறைக்காதே. 5 வருடம் தொடர்ந்து கட்டி முடிக்கும் வரை "சொல்லவில்லை" என்ற காரணத்தைக் காட்டிக் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு இடமுண்டு.

நொய்யல்கரை
மாமனார் பீடி பிடிப்பார். மாமியாருக்குத் தெரியாது. அதையும் எழுத வேண்டுமா?

ரிலீவிங் லெட்டர்
எழுது. ஃபாரத்தை மாமியார் கண்ணில் காட்டாதே.