நியூட்ரி-கிரேட்: 7.1 எப்படி 4.6 ஆனது?

தே_ஓ_கோசோங்:
சிங்கப்பூர் அரசு மக்கள் கருத்தைக் கேட்கும் ரீச் தளத்துக்கு அனுப்ப, நியூட்ரி-கிரேட் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறோம். பானத்தில் உள்ள சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் போடும் லேபிள் அது. போத்தல், டின் பானங்களில் சர்க்கரையின் இடைநிலை அளவு 2017ல் 7.1%, 2023ல் 4.6%. லேபிள் நடப்புக்கு வந்தது 2022 டிசம்பர் 30. "லேபிள் பலன் தந்துவிட்டது, உணவுக்கும் கொண்டுவாருங்கள்" என்று எழுதலாமா?

புள்ளிக்காரர்:
அப்படியே எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 2017ல் ஏழு குளிர்பான நிறுவனங்கள் 2020க்குள் சர்க்கரை 12% தாண்டுவதில்லை என்று உறுதி கொடுத்தன. லேபிள் வரப்போவது 2019 அக்டோபரிலேயே தெரியும். 100 மில்லிலிட்டருக்கு சர்க்கரை 5 கிராம் தாண்டினால் 'சி', 10 தாண்டினால் 'டி'. 'டி' வாங்கினால் விளம்பரமே செய்ய முடியாது. எந்த ஆலை 2022 வரை காத்திருக்கும்? பிரிட்டனிலும் இதே கதைதான்: சர்க்கரை பான வரி 2016ல் அறிவிப்பு, 2018 ஏப்ரலில் அமல், இடையிலேயே பலர் கலவையை மாற்றிவிட்டார்கள்.

ஆண்டுவாரி எண்களைத் தேடுங்கள். கோடு 2019க்குப் பிறகு வளைகிறதா, 2022க்குப் பிறகா? முன்னே மூன்று, பின்னே மூன்று புள்ளியாவது வேண்டும். இரண்டே புள்ளியில் ஒன்றும் தெரியாது.

கோப்பிக்கடை_மூலை:
இடைநிலை அளவு என்பதே வழுக்கும். மூன்று பானங்கள்: 10, 6, 2 கிராம். நடுவில் 6. சர்க்கரையே இல்லாத ஒன்றும் 1 கிராமில் ஒன்றும் புதிதாக வந்தால் நடு எண் 2. குடிப்பவர் ஒருவரும் மாறவில்லை! அது பானங்களின் எண்ணிக்கையா, விற்ற லிட்டரை வைத்துக் கணித்ததா என்று சுகாதார அமைச்சின் குறிப்பில் பாருங்கள். கடையில் கலக்கும் தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) இந்தக் கணக்கிலேயே இல்லை. அதற்கான விதி 2023 டிசம்பரில்தான் வந்தது, சிறு கடைகளுக்கு விலக்கும் உண்டு.

தே_ஓ_கோசோங்:
அப்போ எதைத்தான் கேட்பது?

புள்ளிக்காரர்:
உணவுக்குக் கேட்கத் தேவையில்லை. உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய்க்கு 2027 நடுவில் வரும் என்று 2024லேயே அறிவித்தாயிற்று. அளவுகோலைக் கேளுங்கள்: வகைவாரியாக, விற்ற அளவையும் கணக்கில் எடுத்து, ஆண்டுதோறும் சோடியம் (எண்ணெய்க்கு நிறைவுற்ற கொழுப்பு) எவ்வளவு என்று வெளியிடச் சொல்லுங்கள். தொடக்கப் புள்ளி 2026 ஆக இருந்தால் வீண், அதற்குள் ஆலைகள் மாறியிருக்கும். 2024 அறிவிப்புக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளும் அதில் வேண்டும். "பலன் தந்துவிட்டது" என்ற வரியை எடுத்துவிட்டு, "2017க்கும் 2023க்கும் இடையே குறைந்தது, எவ்வளவு லேபிளால் என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது" என்று போடுங்கள்.