பதில்: காவுன்பாலிகா – ‘கிராமப்புற நகராட்சி’ வேண்டாமே

வணக்கம்.

நேபாளத்தின் கிராமப்புற உள்ளாட்சி அமைப்பான காவுன்பாலிகாவைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘கிராமப்புற நகராட்சி’யே போதும் என்று பெரும்பாலோர் சொல்வதால் எழுதுகிறேன்.

நேபாளத்தின் மனாங் மாவட்டத்தில் நார்பா பூமி என்று ஒரு காவுன்பாலிகா இருக்கிறது. வடக்கே திபெத் எல்லை. பரப்பு ஏறத்தாழ 837 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 538 பேர். ஆளுக்கு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்! நார், ஃபூ என்ற முக்கியமான இரண்டு ஊர்களும் 4,000 மீட்டருக்கு மேலே. பனிக்காலம் வந்தால் நார் மக்கள் யாக் மந்தையோடு கீழே மேட்டாவுக்கு இறங்கிவிடுவார்கள். இதற்குப் போய் ‘நகராட்சி’ என்று பெயரா? முன்னால் ‘கிராமப்புற’ என்று ஒட்டினாலும் உள்ளே நகரம் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது.

‘rural municipality’ என்ற ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததால் வந்த வினை இது. நேபாளியில் இந்தச் சிக்கலே இல்லை. காவுன் என்றால் ஊர், நகர் என்றால் நகர். இரண்டுக்கும் பின்னால் பாலிகா, அதாவது காப்பது. அதையே ‘ஊர்ப்பாலிகை’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கல்யாண வீட்டில் முளைப்பாலிகை தெளித்தவர்கள் யாரும் இதை ஆட்சி அமைப்பாகப் படிக்க மாட்டார்கள்.

வெறும் ‘ஊராட்சி’? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் 2017 மார்ச்சில் பழைய கிராம வளர்ச்சிக் குழுக்களைக் கலைத்து, பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்து உருவாக்கியவை இவை, மொத்தம் 460. நார், ஃபூ குழுக்கள் சேர்ந்ததுதான் நார்பா பூமி. அதிகாரமும் பெரிது. 2015 அரசியலமைப்பின்படி சட்டம் இயற்றலாம், வரி போடலாம், மேல்நிலை வரைக்கும் பள்ளிகள் இவர்கள் பொறுப்பு. துணைத்தலைவர் தலைமையில் வழக்குத் தீர்க்கும் குழுவும் உண்டு. நம் ஊராட்சித் தலைவர் கேட்டால் பெருமூச்சு விடுவார். இன்னொன்று: நார்பா பூமியில் 5 வார்டு, வார்டுக்கு 5 பேர், மேலே தலைவரும் துணைத்தலைவரும் என்று 27 தேர்தல் இடங்கள். 2011 கணக்குப்படி இருபது பேருக்கு ஓர் இடம்!

இலங்கை நண்பர் சொன்ன ‘பிரதேச சபை’ நல்ல சொல், பழகிய சொல். ஆனால் நேபாளத்தில் பிரதேசம் என்றால் மாகாணம். ‘கண்டகி பிரதேசத்தின் நார்பா பூமி பிரதேச சபை’ என்று எழுதிப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் ஆசை ‘நாடு’ மேல்தான். சோழர் கல்வெட்டில் பல ஊர் சேர்ந்தால் நாடு. கொல்லிமலையில் இன்றைக்கும் வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று இருக்கிறதே, மலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ஆனால் ‘நேபாள நாட்டின் நார்பா பூமி நாடு’ என்று எழுத வேண்டிவருமே, அதுதான் இடிக்கிறது. மனசில்லாமல் விடுகிறேன்.

அதனால் என் முன்மொழிவு: கூட்டூராட்சி. ஊர்கள் கூடியதும் தெரிகிறது, ஊராட்சி என்ற பழகிய சொல்லும் உள்ளே இருக்கிறது. ‘பல்லூராட்சி’யும் யோசித்தேன், ஆனால் இரண்டு ஊருக்குப் ‘பல்’ கொஞ்சம் அதிகம். கூட்டூராட்சியில் ஒரு குறை உண்டு: வேகமாகப் படித்தால் ‘கூட்டாட்சி’ என்று கண் தவறும், நேபாளமோ கூட்டாட்சி நாடு. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் பாடு திண்டாட்டம்தான். அதற்காகக் கைவிட வேண்டுமா என்று சொல்லுங்கள்.

அப்புறம், வார்டுக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டின் ‘குடும்பு’ வேண்டும் என்ற கோரிக்கை. அழகுதான், ஆனால் தட்டச்சில் கொஞ்சம் கை தவறினால் குடும்பம் ஆகிவிடும். இவ்வளவு குறைவான பேர் இருக்கும் இடத்தில் அது பிழை என்றே யாருக்கும் தெரியாது. ‘வார்டு’ என்றே இருக்கட்டும்.